எட்டு மரங்களின் சம்மதப் பத்திரம்

வாய்க்காலை மலையாளத்தில் தோடு என்பார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து முதல்முறை எங்களைப் பார்க்க வந்த மாமாவிடம், தோட்டுப் பக்கம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள் என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். மாமா அதைக் காதில் போடும் தோடு என்று எடுத்துக்கொண்டு, மட்டாஞ்சேரியில் இருந்த நகைக்கடை ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று விசாரித்துவிட்டு, மத்தியானம் வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். எங்கள் வரிசையில் பல வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரே சத்தத்துக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அப்போது எங்களுக்குச் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

வரிசை என்றால் எட்டு வீடுகள். சுக்கும் மிளகும் வைக்கும் கிடங்குகளின் பின்சுவருக்கும் தோட்டுக்கும் நடுவே, புறம்போக்கில், ஒன்றின் சுவரை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றவை. எட்டும் தமிழ்க் குடும்பங்கள். கரண்ட் இருந்தது, வீட்டு நம்பர் இருந்தது, ரேஷன் அட்டை இருந்தது. நிலம் எங்களுடையது என்று சொல்லும் பட்டயம் மட்டும் இல்லை. அம்மா பக்கத்துக் கிடங்கில் சுக்கு புடைத்துத் தரம் பிரித்தாள். சாயங்காலம் அவள் என் கன்னத்தைத் தொட்டால் எரியும்.

அப்பாவுக்குக் குழி வெட்டுகிற வேலை. கேட் தூணுக்கு, குழாய்க்கு, கக்கூஸ் தொட்டிக்கு. மட்டாஞ்சேரியில் இரண்டடி வெட்டினாலே உப்புத்தண்ணீர் ஊறிவிடும். அதனால் காயல் தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து வெட்ட வேண்டும், ஏறும் முன் முடித்துவிட வேண்டும். தோட்டுச் சுவரில் பாசியின் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தே இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் கடிகாரத்தைப் பார்க்கத் தெரிந்தது எனக்குத்தான். எழுத்து வாசிக்கத் தெரிந்ததும் எனக்குத்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்னால் எங்கள் வம்சத்தில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை, அவர்களும் போகவில்லை.

நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். முதல் இரண்டு வருஷம், தமிழர்களை மட்டமாகச் சொல்லும் சொல்லால், என்னைப் பாண்டி என்றார்கள். நான்காம் வகுப்பில், டீச்சர் சொல்லச் சொல்ல எழுதும் கேட்டெழுத்தில் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். ஏழாம் வகுப்பில் வகுப்பு முழுக்க என் நோட்டைப் பார்த்து எழுதியது. தமிழ் எனக்கு வீட்டில் பேசுகிற மொழி. சோறு, சண்டை, தூக்கம் எல்லாவற்றுக்கும் அதில் சொல் இருந்தது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தெரியவில்லை என்பது ஒரு குறையாகவும் எனக்குத் தோன்றவில்லை.

மாநிலம் பிறந்து அறுபது வருஷம் நிறைந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த நவம்பர் முதல் தேதிக்கு எங்கள் வார்டில் தோட்டோரமாக அறுபது மரம் நடுவதாக ஒரு கமிட்டி போட்டார்கள். எட்டு மரம் எங்கள் வரிசைக்கு முன்னால் வந்தது. குழி வெட்டும் வேலை அப்பாவுக்கு. விடியும் முன்பே எழுந்து, தண்ணீர் இறங்கியிருந்த மூன்று மணி நேரத்துக்குள் எட்டுக் குழியையும் வெட்டி, அடியில் செங்கல் துண்டு பரப்பி, மேலே நல்ல மண் போட்டு வைத்தார். எங்கள் வீட்டுக்கு நேரே இருந்த குழியில் மட்டும் மண் ஒரு கூடை அதிகம்.

காலையில் பள்ளிக்கூடத்தில் மலையாள வாசிப்புப் போட்டி. எனக்கு முதல் பரிசு. இரவல் வாங்கிக் கட்டிய, பொன்கரை போட்ட வெள்ளைப் புடவையோடும் பரிசுக் கோப்பையோடும் நான் திரும்பி வந்தபோது, வரிசைக்கு முன்னால் பந்தல் போட்டு மைக் வைத்திருந்தார்கள். வார்டு உறுப்பினர் முதல் கன்றை வைத்து ஒரு கை மண் போட்டார். படம் எடுத்தார்கள். அப்பா மண்வெட்டியோடு படத்துக்கு வெளியே நின்று, அவர்கள் போன பின் மீதி மண்ணைத் தள்ளி மிதித்தார். நாவல் மூன்று, புன்னை மூன்று, கொன்றை இரண்டு. எங்களுக்கு வந்தது நாவல்.

கமிட்டிச் செயலாளர் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மனிதர். ஒவ்வொரு மரத்தையும் எதிர்வீட்டுக்காரர்கள் வளர்க்க வேண்டும், அதற்கு ஒரு சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும் என்றார். வீட்டுக்கு ஒரு தாள். அடுத்த தெருவிலும் அவருக்கு மரங்கள் காத்திருந்தன. இங்கே மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டபோது, யாரோ என்னைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். பக்கத்து வீட்டு அத்தை, காலையில் இட்லி விற்பவள், வாய்க்குப் பேர்போனவள், தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"டீச்சரு வந்துட்டாங்க. எல்லாரும் கையக் கட்டுங்க."

நான் மைக் இல்லாமலே மைக்கில் வாசிப்பதுபோல் வாசித்தேன். ஒரு எழுத்தில்கூடத் தடங்கவில்லை. செயலாளர் தலையசைத்துக் கேட்டதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆடு கடிக்காமல் பார்க்க வேண்டும். கிளையை வெட்டக்கூடாது. பட்டுப்போனால் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். கடைசி வரி நீளமானது. மரம் நிற்கும் இடத்தின்மேலோ அருகிலுள்ள புறம்போக்கின்மேலோ 'யாதொரு அவகாசவும் உன்னயிக்குன்னதல்ல' என்று முடிந்தது. அதில் உன்னயிக்குக என்பது கடினமான சொல். எங்கள் வரிசையில் யாருக்கும் அது புரியாது என்று எனக்குத் தெரியும். அதனால் நின்று அதை விளக்கினேன்.

"உன்னயிக்கிறதுன்னா கேக்குறது. இந்த எடத்துல எந்த அவகாசமும் கேக்க மாட்டோம்னு எழுதியிருக்கு."

அப்பா சிரித்தார். "மரத்துக்குத் தண்ணி ஊத்த எதுக்குட்டி அவகாசம்? இந்தா, இப்பவே ஊத்திருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா சொன்னது எனக்கு முழுக்கச் சரியாகவே பட்டது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவனுக்கு என்ன உரிமை வேண்டியிருக்கிறது? அப்பா நல்ல பதில் சொன்னார் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்த அவகாசம் வேறு. தமிழில் அது நேரம். வேலையை முடிக்க இரண்டு நாள் கூடுதலாகக் கேட்பார்களே, அந்த நேரம். அந்தச் சொல் தமிழில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, அதற்கு இப்படி ஒரு பொருள் இருப்பதும் தெரியாது. என் முன்னால் உட்கார்ந்திருந்த பதினாறு பேருக்கும் அதற்கு வேறு பொருள் உண்டு என்று தெரியாது. கடினமான சொல்லை விளக்கிவிட்டு, எளிதான சொல்லை விட்டுவிட்டேன்.

நீல மைப்பெட்டி சுற்றி வந்தது. எட்டுத் தாளிலும் எட்டுப் பெருவிரல். யார் பெயர் எந்தக் கைநாட்டு என்று பக்கத்தில் மலையாளத்தில் எழுதியதும் நான்தான். செயலாளர் என் முதுகில் தட்டி, மிடுக்கி என்றார். கெட்டிக்காரி என்று அர்த்தம். அதைத் தமிழில் சொல்லச் சொல்லி அம்மா கேட்டாள். நான் சொன்னேன்.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று எழுத என்னால் முடியாது. வேறு எங்கோ புறம்போக்கில் மரம் நட்டபோது யாரோ வக்கீல் எழுதிக்கொடுத்த வரி அது. தாளோடு தாளாக நகலாகி எங்கள் வாசலுக்கு வந்தது. அவரும் அதை முழுக்க வாசித்திருப்பாரா என்பது சந்தேகம்.

மரங்களை எங்கள் ஆட்கள் பிள்ளைபோல் வளர்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சண்டை போட்டு வளர்த்தார்கள். குழாயில் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். குடம் வரிசையில் நிற்கும். ஒரு குடம் மரத்துக்கு என்றால் அம்மா ஒரு நாள் துணி அலச முடியாது. தோட்டுத் தண்ணீரை ஊற்றினால் கன்று கருகிவிடும். கடல் பொங்கும் வேலியேற்றத்தில் உப்புத்தண்ணீர் வாசலுக்கு ஏறி வந்த ஒரு மாசத்தில் மூன்று கன்று பட்டுப்போயின. கமிட்டிக்குச் சொல்லலாம், அவர்கள் வரட்டும் என்றாள் அத்தை. அப்பா கேட்கவில்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆலுவா வரை பேருந்தில் போய், ஆற்றோரம் கன்று விற்பவரிடம் மூன்று கன்று வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அவகாசம் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், தாமதிக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னாராம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா இதை என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

மரங்கள் கூரைக்கு மேலே போயின. நான் பி.காம் முடித்தேன். தோப்பும்படியில் விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் ஒரு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, நிலவரி. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு வாசித்துச் சொல்வேன். துறைமுகத்துச் சேட்டன்மார் எனக்காகக் காத்திருந்து என்னிடம்தான் படிவத்தைக் கொடுப்பார்கள்.

அப்போதுதான் தோட்டை அகலப்படுத்திக் கரையில் நடைபாதை போடுவதாக அளவுக்கல் நட்டார்கள். கல் எங்கள் அடுப்படிக்குள் விழுந்தது. வீடு போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. புறம்போக்கில் நெடுநாள் இருப்பவர்களுக்கு மாற்று வீடு உண்டு, பட்டியலில் பெயர் ஏற வேண்டும், அதற்கு விசாரணை உண்டு என்றார்கள். எட்டுக் குடும்பமும் என் முகத்தைப் பார்த்தது. நான் எட்டுக் கோப்பு தயாரித்தேன். பழைய கரண்ட் ரசீதுகள், ரேஷன் அட்டை, வீட்டு வரி, வாக்காளர் பட்டியலின் பக்கம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, மேலே மலையாளத்தில் ஒரு விளக்கக் கடிதம். வக்கீல் வைக்கலாமா என்று யாரோ கேட்டபோது அப்பா, வீட்டில் ஆள் இருக்கும்போது எதற்கு என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

விசாரணை அறையில் ஒரு மின்விசிறி, ஒரு மேசை. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், பொறுமையானவர். எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். என் கோப்பைப் புரட்டி, யார் தயாரித்தது என்று கேட்டார். நான் என்றேன். நன்றாயிருக்கிறது என்றார். பிறகு தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சம்மதப் பத்திரம். நீலக் கைநாட்டு மங்கியிருந்தது. பக்கத்தில் என் பதினாலு வயது எழுத்து.

இந்த இடத்தில் உங்களுக்கு உரிமை இல்லையென்று நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்களே என்றார். எனக்கு அது ஒரு பெரிய தடையாகத் தோன்றவில்லை. மரத்துக்காகப் போட்ட தாள், அதை விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இது இவரெ வாயிச்சு கேள்ப்பிச்சிருன்னோ?"

இதை இவர்களுக்கு வாசித்துக் காட்டினார்களா என்று. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாசிக்காமல் வாங்கிய கைநாட்டு நிற்காது. விண்ணப்பக் கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் அந்தக் கேள்வி என் காதில் வேறு மாதிரி விழுந்தது. இவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தார்களா என்று கேட்பதுபோல் விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான் வாசித்தேன் என்றேன். ஒவ்வொரு வரியும் வாசித்து, தமிழில் விளக்கவும் செய்தேன் என்றேன். அன்று காலையில்தான் மலையாள வாசிப்பில் முதல் பரிசு வாங்கினேன் என்றும் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். பேனா ஓடுவதை எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்து, மெதுவாக, அவர்களுக்கும் புரியட்டும் என்று அந்தக் கடைசி வரியை ஒரு முறை சத்தமாக வாசித்தார். அவகாசம் என்ற இடத்தில் விரல் வைத்தார்.

அப்பா எழுந்து நின்றார். நாற்காலியில் உட்கார்ந்து பேச அவருக்கு வராது.

"சார், அவகாசம் வேண்டாம்னுதான் சொன்னோம். வீடு வேண்டாம்னு சொல்லலையே."

அதிகாரிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் ஒரு நொடி புரியவில்லை. பிறகு, அந்தச் சொல்லை அவர் வேறு எதுவாகவோ எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. மலையாளத்தில் சொல்லத் தொடங்கினேன், அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். மலையாளத்தில் அதைச் சொன்னால், உரிமை வேண்டாம் என்றுதான் சொன்னோம் என்று அப்பா ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும். அத்தை பின்னாலிருந்து, "ஏன், நாங்க டயம் கேட்டமா? அன்னைக்கே ஊத்துனோம்ல தண்ணி?" என்றாள். அப்போது எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் அதையேதான் நினைத்திருந்தார்கள். இத்தனை வருஷமும்.

இவர்கள் அந்தச் சொல்லை வேறாகப் புரிந்துகொண்டார்கள் என்றேன். முப்பது வருஷம் கொச்சியில் மண் வெட்டியவருக்கு இந்தச் சொல் தெரியாதா என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. அப்பாவின் மலையாளத்தில் குழி உண்டு, கல் உண்டு, வெள்ளம் உண்டு, நாளை வா உண்டு. அவகாசத்தைப் பற்றி யாரும் அவரிடம் பேசியதில்லை.

தமிழில் அந்தச் சொல்லுக்கு நேரம் என்று பொருள், நான் அதை விளக்காமல் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார். நம்பவில்லை என்றால் எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "மோளே, ஞான் எழுதிப்போயல்லோ" என்றார். மகளே, எழுதியாகிவிட்டதே என்று. இப்போது சொன்னதையும் கீழே சேர்த்துக்கொள்கிறேன், மேலதிகாரிகள் முடிவு செய்யட்டும் என்றார். சேர்த்தார். இரண்டு மாசத்தில் பதில் வந்தது. மலையாளத்தில் தேர்ச்சி பெற்ற, அதே குடும்பத்தைச் சேர்ந்த நபர் வாசித்து விளக்கிய பின் கையொப்பமிட்டதால், எட்டுப் பெயரும் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அந்தப் பதிலையும் நான்தான் வாசித்தேன். தேர்ச்சி பெற்ற என்ற சொல்லை வாசிக்காமல் தாண்டினேன். தமிழில் சொல்லும்போதும் சொல்லவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அத்தை மட்டும் குழாயடியில், எல்லோரும் கேட்க, "நீ நல்லாத்தான் படிச்ச, டீச்சரே. நாங்கதான் பெயிலாயிட்டோம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இப்போதும் பேசுவதில்லை.

காலி செய்ய நாள் குறித்தபோது மற்ற ஏழு குடும்பமும் போய்ப் பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை நாள் கேட்டார்கள். ஒரு மாசம் கிடைத்தது. அப்பா போகவில்லை. நீங்களும் போய்க் கேளுங்கள் என்று அம்மா அழுதாள். அவகாசம் கேட்பதில்லை என்று நான் விரல் வைத்திருக்கிறேன் என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்கு அப்போது நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எனக்காகச் சொல்லவுமில்லை. மறுநாள் காலையில் ஏணி வைத்து ஏறி ஷீட்டுகளைக் கழற்றினார். நான் கீழே நின்று வாங்கினேன். நாவல் கிளை ஒன்று கூரையின் மேல் படுத்திருந்தது. அதை வெட்டினால் ஷீட்டை உடையாமல் எடுக்கலாம். அவர் வெட்டவில்லை. கயிறு கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே எடுத்தார். இரண்டு ஷீட் உடைந்தது.

நடைபாதையின் திட்டத்தில் மரங்கள் இருந்தன. நினைவு மரங்கள் என்பதால் அவற்றைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு, நடைபாதையை இரண்டிடத்தில் வளைத்திருக்கிறார்கள். நல்ல நிழல். சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுக்கிறார்கள்.

தோப்பும்படியில் ஒரு பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். அந்த விசாரணைக்குப் பிறகுதான் நான் தமிழ் எழுத்துக் கற்றேன், முதல் வகுப்புப் புத்தகம் வாங்கி. கடைக்கு இன்றும் போகிறேன். நாற்பது பேருக்கு வாசித்துச் சொல்கிறேன்.

போன மாசம் ரேஷன் அட்டையில் விலாசம் மாற்றும் படிவம் வந்தது. அப்பா அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சாயாக்கடைக்குப் புறப்பட்டார், அங்கே யாராவது வாசிப்பார்கள் என்று. அம்மா அதை அவர் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். அப்பா வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"மெல்லப் படி," என்றாள் அம்மா.

நான் முதல் வரியை வாசித்தேன். அபேட்சகன்டெ பேரு. அம்மா நிறுத்தினாள். அபேட்சகன்னா? விண்ணப்பம் போடுறவரு, என்றேன். பேருன்னா? பேருதாம்மா, என்றேன். பேருன்னா பேருதானா, நல்லாத் தெரியுமா, என்றாள். தெரியும் என்றேன். அடுத்த சொல். அதுன்னா? அடுத்தது. அதுன்னா? வீடு, தெரு, ஊர், வயது, ஒவ்வொன்றிலும் அவள் விரல் வைத்துக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். பட்டறையில் வெல்டிங் நின்று, ஆட்கள் கைகழுவிப் போனார்கள். கடைசி வரியில் கையெழுத்துக்கான இடம் வந்தது. கைநாட்டு வைக்கிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் திரும்பாமலே, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.